வெறுங்குலையின் விலை

ஒரு டன் செம்பனைக் குலை ஆலைக்குள் போனால் எண்ணெயாகக் கிடைப்பது ஏறத்தாழ 200 கிலோ. அதற்குக் குறையாமல், பெரும்பாலும் சற்றுக் கூடவே, பழம் உதிர்ந்த வெறுங்குலை மிஞ்சுகிறது. குலையை நீராவியில் வேகவைத்து, சுழலும் உருளையில் போட்டு அடித்துப் பழத்தை உதிர்த்தபின், முள்ளும் நாருமாகப் பழுப்பு நிறத்தில் ஆவி பறக்க வெளியே விழும் அந்த மிச்சத்தை ஆலைக்காரர்கள் மலாயில் 'தண்டான் கோசோங்' என்பார்கள். 2023ஆம் ஆண்டில் மலேசியா 1 கோடியே 85 லட்சம் டன் கச்சாப் பாமாயில் எடுத்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், நாட்டின் ஆலைகள் அதே ஆண்டில் கழித்துப் போட்ட வெறுங்குலை சுமார் 2 கோடி டன்.

இதை என்ன செய்வது? விற்கலாம். நாராகப் பிரித்து உலர்த்திக் கட்டாக்கினால் மெத்தைத் தொழிலுக்குப் போகும். பொடித்து அழுத்தினால் கொதிகலனுக்கு எரிபொருள் வில்லையாகும். இரண்டும் கிள்ளான் துறைமுகம் வழியாகக் கப்பலேறக்கூடிய சரக்குகள். விற்காவிட்டால் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பி, மர வரிசைகளுக்கு இடையில் பரப்பி மக்கவிடலாம். பஞ்சாபில் கோதுமை அறுத்தவரும் தஞ்சாவூரில் நெல் அறுத்தவரும் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது: வைக்கோலைக் கட்டி விற்பதா, தாளை மடக்கி உழுவதா? ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் மண்ணும் மழையும் வேறு. அதனால் கணக்கும் வேறு மாதிரி போகிறது.

வியாபாரி வந்து டன்னுக்கு இத்தனை வெள்ளி என்று சொல்லும்போது, சும்மா கிடக்கும் குப்பைக்கு எது கிடைத்தாலும் லாபம் என்று தோன்றும். அந்த விலையைப் பூஜ்யத்தோடு ஒப்பிடுவதால் வரும் எண்ணம் அது. ஒப்பிடவேண்டியது உர மூட்டையோடு. மலேசியத் தோட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் ஒரு கணக்கு உண்டு: ஒரு டன் ஈர வெறுங்குலையில் 7 கிலோ யூரியா, 2.8 கிலோ பாறை பாஸ்பேட், 19.3 கிலோ பொட்டாஷ் உரம், 4.4 கிலோ கீசரைட் என்ற மெக்னீசிய உரம் ஆகியவற்றுக்குச் சமமான சத்து இருக்கிறது. ஐம்பது கிலோ பொட்டாஷ் மூட்டை 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு சத்துக்கே டன்னுக்கு 38 வெள்ளி 60 காசு ஆகிவிடுகிறது. மூட்டை 150 வெள்ளிக்கு ஏறினால் 58 வெள்ளி. இது கற்பனை ஏற்றம் அல்ல. 2021 தொடக்கத்தில் இருந்த உலகச் சந்தை விலை, 2022இல் உக்ரைன் போருக்குப் பின் இரண்டு மடங்கையும் தாண்டியது. பொட்டாஷ் மலேசிய மண்ணில் கிடைக்கும் கனிமம் அல்ல. கனடா, ரஷ்யா, பெலாருஸ் சுரங்கங்களிலிருந்து வாங்கவேண்டும். அங்கே போர் என்றால் இங்கே பனை மரத்தடியில் உரம் குறைகிறது.

ஆக, வெறுங்குலை என்பது பெருமளவு சாம்பல்சத்துதான், அதாவது பொட்டாசியம். இதில் வேதியியல் ஒரு விசித்திரம் செய்து வைத்திருக்கிறது.

தழைச்சத்தும் மணிச்சத்தும் செடியின் உடலில் புரதமாகவும் மற்ற மூலக்கூறுகளாகவும் கட்டுண்டு கிடக்கின்றன. நுண்ணுயிர்கள் உடைத்தால்தான் வெளியே வரும். பொட்டாசியம் அப்படியல்ல. அது எந்த மூலக்கூறுக்குள்ளும் போய்க் குடியிருப்பதில்லை; உயிரணுவின் சாற்றில் தனி அயனியாகக் கரைந்து திரிகிறது. செடி இறந்து உயிரணுச் சுவர் கிழிந்தால், ஒரு நல்ல மழை போதும், சாயம் போகும் துணிபோல அதை விட்டுவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிலாங்கூரில், பரப்பிய வெறுங்குலை மக்க ஓராண்டுக்கு நெருக்கமாக ஆகும். அதிலிருக்கும் பொட்டாசியமோ முதல் சில மாதங்களிலேயே பெரும்பாலும் இறங்கி மண்ணுக்குள் போய்விடும். ஆலைக்குப் பின்னால் மலைபோலக் குவித்து மழையில் நனையவிட்ட குலையைச் சில வாரம் கழித்து வயலுக்கு ஏற்றினால், லாரியில் போவது நார்தான். சத்து ஏற்கெனவே ஆலை வடிகாலில் போய்விட்டது. தோட்ட நிர்வாகிகள் குலையைச் சூட்டோடு வெளியேற்றச் சொல்வது இதனால்தான்.

விசித்திரம் என்றது இதை அல்ல. அடுத்து வருவதை. குலையை எரிபொருளாக வாங்குபவர் இந்தப் பொட்டாசியத்தை வெறுக்கிறார். கொதிகலன் சூட்டில் பொட்டாசியம் மணற்சத்தோடு சேர்ந்து குறைந்த வெப்பத்திலேயே உருகும் கண்ணாடி போன்ற பொருளாகிறது. அது அடுப்புத் தட்டில் கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. குளோரினோடு சேர்ந்த பொட்டாசியம் ஆவியாகி நீராவிக் குழாய்களின்மேல் படிந்து உலோகத்தை அரிக்கிறது. வெறுங்குலை வில்லைக்கு நல்ல விலை கிடைக்காமல் போவதற்கும், அதே ஆலையிலிருந்து வரும் பனங்கொட்டை ஓடு ஜப்பானிய மின்நிலையங்களுக்குக் கப்பல் கப்பலாகப் போவதற்கும் இடையில் இருக்கும் வேறுபாட்டில் பெரும்பங்கு இதுதான். ஓடு உலர்ந்தது, கெட்டியானது, சாம்பல் குறைந்தது. வெறுங்குலையில் 60 முதல் 65 விழுக்காடு தண்ணீர். மிச்சத்தில் உருகும் சாம்பல்.

டென்மார்க்கில் கோதுமை, பார்லி வைக்கோலை எரித்து மின்சாரமும் வெந்நீரும் எடுக்கிறார்கள். அங்கே மின்நிலையக்காரர்கள் அறுத்தவுடன் கட்டிய மஞ்சள் வைக்கோலைவிட, வயலில் கிடந்து மழையில் நனைந்து மீண்டும் காய்ந்த சாம்பல் நிற வைக்கோலையே விரும்புகிறார்கள். மழை அதிலிருந்த பொட்டாசியத்தையும் குளோரினையும் கழுவி மண்ணுக்குக் கொடுத்திருக்கும். வாங்குபவருக்கு நல்ல எரிபொருள், விற்பவருக்கு உரம் மிச்சம். ஒருவருக்கு நஞ்சு மற்றவருக்கு உணவாக இருக்கும் வியாபாரத்தில் இருவரும் ஜெயிக்க வழி உண்டு என்பதை அந்த மழை காட்டுகிறது. இங்கும் வெறுங்குலையைக் கிழித்துப் பிழியும் எந்திரங்கள் பல ஆலைகளில் ஓடுகின்றன. பிழிந்தால் ஒட்டியிருக்கும் கொஞ்சம் எண்ணெய் கிடைக்கிறது, தண்ணீர் குறைகிறது, பொட்டாசியத்தில் ஒரு பகுதியும் சாற்றோடு இறங்குகிறது. அந்தச் சாறு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. கழிவுநீர்க் குளத்துக்குப் போய் அங்கேயே முடிந்தால் தோட்டத்துக்கு நட்டம். அந்தக் குளத்து நீரையே வெறுங்குலைமேல் தெளித்துக் கிளறிக் கம்போஸ்ட் ஆக்கும் ஆலைகள் சத்தை ஏறக்குறைய முழுதாகத் திரும்பப் பிடிக்கின்றன.

இதிலிருந்து எனக்குத் தோன்றும் ஒரு விதி: கரியை விற்கலாம், சாம்பல்சத்தை விற்கக்கூடாது. நாரிலிருக்கும் கரி, அதாவது கார்பன், காற்றிலிருந்து இலவசமாக வந்தது. அடுத்த ஆண்டும் வரும். சாம்பல்சத்து காசு கொடுத்துக் கப்பலில் வந்தது.

ஆனால் இந்த விதிக்கும் மண் விலக்குக் கேட்கிறது. சிலாங்கூர் வரைபடத்தைக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வாசித்துக்கொண்டு போனால் மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கும்.

கேரித் தீவு, பந்திங், காப்பார் பக்கம் கடல் கொண்டுவந்து போட்ட களிமண். மண் ஆய்வாளர்கள் 'சிலாங்கூர் வகை' என்று பெயரிட்டது இந்த இனத்தைத்தான். வளமான மண், பொட்டாசியத்தை இருப்பு வைத்திருப்பதிலும் வந்ததைப் பிடித்து வைத்துக்கொள்வதிலும் கெட்டி. இங்கே ஒரு டன் வெறுங்குலை மரத்துக்குத் தரும் கூடுதல் பயன் குறைவு. நார் வியாபாரிக்கு விற்கத்தான் வேண்டும் என்றால் இங்கே விற்கலாம்.

கொஞ்சம் தெற்கே, உள்ளே, கோல லங்காட்டின் பீட் மண். அது முழுக்க முழுக்க அரைகுறையாக மக்கிய மரமும் வேரும்தான். அங்கே மேலும் கரியைக் கொண்டுபோய்க் கொட்டுவது கடலில் மழை பெய்த கதை. பீட் மண்ணுக்குப் பொட்டாஷ் நிறையவே தேவை, செம்பும் தேவை. அவற்றை மூட்டையிலிருந்து நேராகப் போடுவதே சுலபம். பீட் மேல் லாரி ஓட்டுவதும் லேசான காரியமல்ல.

உலு சிலாங்கூர் போன்ற உள்நாட்டு மேட்டு நிலங்களில் கதை தலைகீழ். கருங்கல் சிதைந்து உண்டான ரெங்கம் வகை மண்ணும் அதன் உறவினர்களும் பல லட்சம் ஆண்டு மழையில் கழுவப்பட்டவை. அமிலத்தன்மை கூடியவை. அவற்றின் களிமண் துகள்களில் சத்தைப் பற்றிக்கொள்ளும் மின்னூட்டம் குறைவு. போட்ட பொட்டாஷ் அடுத்த பெருமழையில் கீழே இறங்கிவிடும். இங்கே வெறுங்குலை உரமாக மட்டும் வேலை செய்வதில்லை. மக்கி உண்டாகும் கரிமப் பொருள், களிமண் செய்யத் தவறும் அந்தப் பற்றுகிற வேலையைச் செய்கிறது. சரிவில் மழைநீர் மண்ணை அரிப்பதைத் தடுக்கிறது. வறண்ட மாதங்களில் ஈரத்தைக் காக்கிறது. விரிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் பனையின் மெல்லிய உணவு வேர்கள் மண்ணை விட்டு மேலேறி நாருக்குள் நுழைந்திருப்பதைக் காணலாம். இந்த மண்ணில் வெறுங்குலையை விற்பவர் அவசரக் காசுக்காக முதலை விற்கிறார்.

அப்படியானால் எல்லா மேட்டு நிலத்துக்கும் போடவேண்டியதுதானே? அவ்வளவு குலை இல்லை. ஒரு ஹெக்டரில் ஆண்டுக்கு 20 டன் குலை வெட்டினால் வெறுங்குலை 4.4 டன்தான். வளர்ந்த மரங்களுக்குப் பரப்பும் வழக்கமான அளவு ஹெக்டருக்கு 35 முதல் 40 டன். அதாவது ஒன்பது ஹெக்டரின் வெறுங்குலை ஒரு ஹெக்டருக்குப் போகிறது. மற்ற எட்டு ஹெக்டரிலிருந்து சத்தை எடுத்து ஒன்றில் வைக்கிறோம் என்பதுதான் இதன் பொருள். அந்த ஒன்றுக்கு 40 டன்னில் கிடைக்கும் பொட்டாஷ் 772 கிலோ. ஹெக்டருக்கு 136 மரம், மரத்துக்கு ஆண்டுக்கு 3 கிலோ என்று வைத்தால் தேவை 408 கிலோ. தேவையில் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில், அதுவும் சில மாதங்களில் கரைந்துவிடும் வடிவில். தளர்ந்த மேட்டு மண் அவ்வளவையும் பிடித்து வைக்குமா என்பது சந்தேகம். பாதி அளவில் இரண்டு மடங்கு நிலத்துக்குப் போடுவது நல்லது என்று எனக்குப் படுகிறது. ஆனால் லாரி, டிராக்டர், ஆள் கூலி என்று கணக்குப் பார்க்கும் நிர்வாகி ஆலைக்குப் பக்கத்து வயலிலேயே கொட்டி முடிக்கத்தான் விரும்புவார். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரான ஒரு சரக்கை யார்தான் தூரம் சுமப்பார்கள்? பல தோட்டங்களில் எந்த வயலுக்குக் குலை கிடைக்கும் என்பதை மண்ணைவிட ஆலைக்கான தூரமே முடிவு செய்கிறது.

பரப்புவதிலும் முறை உண்டு. ஒரே அடுக்காகப் பரப்பவேண்டும். குவித்தால் உள்ளே காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வெளியேறும். அதைவிட உடனடி ஆபத்து காண்டாமிருக வண்டு. அழுகும் குவியலில் முட்டையிட்டுப் பெருகி, இளம் பனையின் குருத்தைத் துளைத்துத் தின்னும் வண்டு அது. தென்னை வளர்க்கும் எவருக்கும் அறிமுகம் தேவையில்லை.

குவியலில் வளர்வது வண்டு மட்டும் அல்ல. ஆலையின் வெப்பம் ஆறிய வெறுங்குலை மேட்டில் மழைக்குப் பின் வைக்கோல் காளான் முளைக்கும். தமிழ்நாட்டில் வைக்கோல் படுக்கையில் வளர்ப்பார்களே, அதே இனம். தோட்ட மக்கள் அதிகாலையில் போய்ப் பறித்து, குழம்புக்கு வைத்துக்கொண்டது போக மிச்சத்தைச் சாலையோரத்தில் விற்பார்கள். காளான் பறித்த குலையில் சாம்பல்சத்தை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டதாகக் கணக்கு ஏறாது. விற்பதும் மண்ணுக்குக் கொடுப்பதும் ஒன்றையொன்று விலக்கவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட ருசியான சான்று எனக்குத் தெரியாது.

கோதுமைக்காரர்கள் அதிகம் கவலைப்படும் ஒரு சங்கதி இங்கே சற்று இளகிவிடுகிறது. கோதுமை வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 80 பங்கு கரி. அதைத் தின்னும் நுண்ணுயிருக்கோ 24க்கு ஒன்று என்ற அளவில் தழைச்சத்து வேண்டும். பற்றாக்குறையை அது மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. அடுத்து விதைத்த பயிர் சில வாரங்கள் வெளுத்து நிற்கும். வைக்கோலை உழுது புதைக்கும்போது யூரியா சேர்க்கச் சொல்வது அதனால்தான். வெறுங்குலையிலும் கரி விகிதம் 50, 60 என்று உயர்வாகவே இருக்கிறது. ஆனால் பனந்தோட்டத்தில் யாரும் உழுவதில்லை. குலை மேற்பரப்பில் கிடக்கிறது, மண்ணைத் தொடும் அடிப்பக்கத்தில் மட்டும்தான் இந்தப் பிடுங்கல் நடக்கிறது. அகலப் பரவிய வேர்களோடு நிற்கும் பத்து வயது மரத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. அப்போதுதான் நட்ட கன்றுக்குத் தெரியும். கன்றைச் சுற்றிப் போடும்போது கொஞ்சம் யூரியாவும் தூவுவது நல்ல வழக்கம்.

வடக்கே செகிஞ்சான், தஞ்சோங் காராங் நெல் வயல்களில் கணக்கு இன்னும் சிக்கல். ஆண்டுக்கு இரண்டு போகம். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் வைக்கோல் மக்க நேரமில்லை. மக்காத வைக்கோலோடு தண்ணீர் கட்டினால் மீத்தேன். எரித்தால் தழைச்சத்து ஏறத்தாழ முழுவதும், மணிச்சத்தில் கால் பங்கு, சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். திறந்தவெளியில் எரிப்பது சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட. இங்கே நான் கட்டி விற்பவர் பக்கம். ஆனால் விற்றவர் அடுத்த போகத்துக்குப் போடும் பொட்டாஷைக் கூட்டவேண்டும். வைக்கோல் காசு கைக்கு வந்த வேகத்தில் இந்த இரண்டாம் பாதி மறந்துபோகிறது.

எரிப்பது பனை ஆலைகளிலும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. பல ஆலைகளில் வெறுங்குலை எரிக்கும் சூளை நின்றது. வெள்ளைப் புகை நாள் முழுக்கக் கிளம்பும். 'குலைச் சாம்பல்' என்ற பெயரில் கிடைத்தது அருமையான பொட்டாஷ் உரம், காரத்தன்மை கூடியது. கடற்கரை ஓரத்து அமில சல்பேட் மண்ணைத் திருத்த அதைப் போட்டார்கள். 1974இன் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் 1978இன் தூய காற்று விதிகளும் அந்தப் புகைக்குக் கடிவாளம் போட்டன. அதே வழியில் இன்னொரு படி கோல்டன் ஹோப் என்ற தோட்ட நிறுவனம் எடுத்தது: மறுநடவின்போது பழைய மரங்களைச் சாய்த்து எரிக்காமல், துண்டாக்கி வயலிலேயே மக்கவிடும் முறையைச் செயல்படுத்தியது. அதற்காக 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' விருது பெற்றது. பின்னர் மிச்சமெல்லாம் பணமாகலாம் என்ற எண்ணம் அரசிடமும் வலுப்பெற்று, 2011இல் உயிர்த்திரள் வியூகம் 2020 வெளிவந்தது. அதுவும்கூட, தோட்டத்தில் உண்டாகும் மிச்சத்தில் பெரும்பகுதி மண்ணுக்காக அங்கேயே விடப்படுகிறது என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேசியது.

இந்த மிச்சம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூரில், தென்னமரம் எஸ்டேட்டில், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் நடப்பட்டது. மரம் அவருடையது, மண் வெட்டியதும் குலை சுமந்ததும் பெரும்பாலும் நம்மவர்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிரிக்பீல்ட்ஸின் பிரதான சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சாலையில் சாப்பிட வரும் பலருடைய பாட்டன் பாட்டிமார் அந்தச் சங்கத்தில் பங்கு வைத்திருந்தவர்களாக இருப்பார்கள். பங்குதாரர் என்ற முறையில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆண்டுக் கூட்டத்தில் லாப ஈவைப் பற்றிக் கேட்பதோடு, நம் குலை போகும் ஆலையில் வெறுங்குலை எங்கே போகிறது என்றும் கேட்கலாம்.

அதைவிட அவசரமாகக் கேட்கவேண்டியவர் சிறுதோட்டக்காரர். காப்பாரிலோ ஜெராமிலோ நான்கைந்து ஏக்கர் வைத்திருப்பவர் குலையை வாங்கு நிலையத்தில் போட்டுவிட்டு எண்ணெய் விகிதப்படி காசு வாங்கிக்கொண்டு வருகிறார். வெறுங்குலைக்கு விலை பேசப்படுவதில்லை. அது ஆலையின் சொத்தாகிவிடுகிறது. ஒவ்வொரு டன் குலையோடும் 4 கிலோவுக்கு மேல் பொட்டாஷ் வெறுங்குலையில் மட்டுமே வெளியேறுகிறது. விற்பதா மண்ணுக்கா என்ற தேர்வே அவருக்குக் கிடைப்பதில்லை. அவர் கேட்காமலேயே விற்றுவிட்டார். குலை கொண்டுபோன லாரி பெரும்பாலும் வெறுமையாகத் திரும்புகிறது. பத்துப் பன்னிரண்டு சிறுதோட்டக்காரர்கள் சேர்ந்து ஆலையோடு பேசினால், அந்தத் திரும்பும் லாரியில் அன்றைக்கு உதிர்த்த குலையை ஏற்றிவரலாம். கடலோரக் களிமண் என்றால் முழு நிலத்துக்கும் வேண்டாம். மறுநடவு செய்த கன்றுகளைச் சுற்றி ஒரு வளையம், மணல் கலந்த மேட்டு மூலைக்கு ஓர் அடுக்கு. மழைக்காலத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது. மூன்று மாதம் ஆலை வாசலில் கிடந்த குலையைத் தள்ளிவிடப் பார்த்தால், அது லாரி வாடகைக்குக்கூடத் தேறாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம்.